தூண் மறைக்கிறது

பிப்ரவரி 23

அண்ணிக்கு,

இரண்டு மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அண்ணனிடம் கேட்டால், "அவ வேலையில களைச்சுப்போய் வர்றாடா, நீ வேற" என்கிறார். மாதத்தில் இருபது நாள் லாரியில் இருக்கிறவருக்கு என்ன தெரியும். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி வேண்டும். நான் படுத்திருந்த அறையில், துணி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சட்டைகளுக்கு அடியில் ஒரு கறுப்பு பென் டிரைவ் கிடக்கும். மூடி இருக்காது. அதைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். அவசரம்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனிக்குக் கேமரா மாட்டிக்கொடுத்தோம். கேமராப் படத்தைச் சேமிக்க ஒரு ரெக்கார்டர் பெட்டியும் வைத்தோம். கடையில் வாங்கிய பெட்டிக்குப் படத்தைச் சேமிக்கத் தெரியும், இடம் நிறைந்தால் பழையதை அழிக்கத் தெரியும், வேறொன்றும் தெரியாது. நான் அதற்குள் புகுந்து என் சொந்த வேலையைச் சேர்த்தேன். ஐந்து வாரம் உட்கார்ந்து எழுதியது. போன 18-ஆம் தேதி பெட்டியைத் தயாரித்தவர்களிடமிருந்து ஒரு அப்டேட் வந்திருக்கிறது. அங்கே யாரோ திரையில் 'சரி' என்பதை அமுக்கிவிட்டார்கள். பெட்டி புத்தம் புதிதாகிவிட்டது. நான் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

எங்கள் முதலாளி வாய் வலிக்கச் சொல்வார், எதை மாற்றினாலும் இரண்டு இடத்தில் பேக்கப் எடுத்து வை என்று. நான் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுப்பேன். ஆனால் என் வேலைக்கு ஒரே பேக்கப்தான், அதுவும் அந்த பென் டிரைவில். அலுவலகக் கணினியில் வைக்கவில்லை. வைத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

மார்ச் பத்துக்குள் பழையபடி ஆக்கித் தராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 27

தம்பிக்கு,

பென் டிரைவ் கிடைத்தது. என் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

"ஒரு கம்பெனி" என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கம்பெனி?

எங்கள் தையல் மாடியில் நடப்பதைச் சொல்கிறேன், கேள். வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. காலையில் உள்ளே நுழைகிற நூற்றிருபது பெண்களும் அதைப் பார்க்காமல் போக முடியாது. அதில் தினம் ஒரு தாள், அதிகமாக எழுந்துபோனவர்கள் மட்டும். நாற்காலி எண், எத்தனை தடவை எழுந்துபோனோம், எத்தனை நிமிடம் நாற்காலி காலி. பெயர் போடமாட்டார்கள். போட வேண்டியதில்லை, யார் எந்த எண் என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஒரே நாளில் மூன்று கோடு விழுந்தால் மேனேஜர் அறை. அந்த அறையில் மட்டும் கேமரா இல்லை.

இந்த மாதம் பதினெட்டாம் தேதியிலிருந்து பலகையில் தாள் இல்லை. "கேமராவுக்குக் கண்புரை விழுந்துடுச்சு, ஆபரேஷனுக்கு நாள் பார்க்கறாங்க" என்று தையல் லைனில் சிரிக்கிறார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். உன் கடிதத்திலும் அதே பதினெட்டு.

இன்னொன்று. இந்த எட்டு மாதத்தில் அந்தத் தாளில் என் எண், 41, ஒரு நாள்கூட வந்ததில்லை. நான் அதை என் ஒழுக்கம் என்று நினைத்தேன். வேலைக்கு வரும்போது ஒரு வாய் தண்ணீர், அதோடு சாப்பாட்டு மணி வரைக்கும் கிடையாது. அடிவயிறு எரிய எரிய உட்கார்ந்து தைத்தேன். போனாலும் ஓடிப்போய் ஓடிவந்தேன். பலகையில் என் எண் இல்லாததைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர்கள் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "கேமராவுக்குச் சொந்தக்காரி." தண்ணீர்க் குழாய் பக்கம் நான் போனால், "சொந்தக்காரி வர்றா, வாயை மூடு" என்பார்கள். வயிற்றெரிச்சலில் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பரில் உன்னிடம் போனில் இந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். சிவப்புக் கோட்டைப் பற்றித்தான் சொன்னேன். எண்ணைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே, "நாப்பத்தொண்ணு வராது அண்ணி, நீங்க நிம்மதியா தைங்க" என்றாய்.

அந்தச் சிரிப்பைத்தான் இரண்டு மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன். அதனால்தான் போனை எடுக்கவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன். நீயா?

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

ஆமாம்.

இதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். மேலே எழுதுகிறேன்.

போன வருடம் உங்கள் மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். "ஆளு சீட்டுல இருக்காங்களா இல்லையான்னு இந்தப் பெட்டி தானா சொல்லுமா?" என்றார். எங்கள் முதலாளி முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு முடியும் என்றேன். என்னைத் தவிர அந்தக் கடையில் யாராலும் முடியாது. அதைச் சொல்கிற ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை.

செய்ததும் பெரிய வித்தை இல்லை. படத்தில் ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் ஆள் தெரியாவிட்டால் நேரம் ஓடும், தெரிந்தால் நிற்கும். அவ்வளவுதான். பட்டியல் அடித்து ஒட்டப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள். நான்கு நிமிடம் என்பதையும் நான் அநியாயமாக வைக்கவில்லை. எங்கள் கடைக் கழிப்பறைக்கு நானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்வந்தேன். இரண்டரை நிமிடம் ஆனது. கூட ஒன்றரை நிமிடம் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

நீங்கள் எந்த நாற்காலி என்பது எனக்குத் தெரியும். கேமரா மாட்ட வந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நீலக் குஷன் அங்கே இருந்தது. அதனால் 41-ஐ எண்ணாதபடி செய்தேன். நீங்கள் தைத்துத்தான் நான் படித்தேன், அதுகூடச் செய்யாமல் இருப்பேனா? உங்களுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்கள் என்பதைப் படித்தபோது தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. பென் டிரைவை அனுப்புங்கள். திரும்பப் போடும்போது நான்கை எட்டாக மாற்றிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நல்லது. எனக்கும் வேலை நிலைக்கும்.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 6

தம்பிக்கு,

இரண்டரை நிமிடம். உன் கடையில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை? எங்கள் மாடியில் நூற்றிருபது பேருக்கு மூன்று. ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உன் கணக்குப்படி அவளும் நாற்காலியில் இல்லை. ஒருத்தி போனால் இரண்டு நாற்காலி காலி. இதையெல்லாம் மாட்ட வந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கலாம். நீலக் குஷன் தெரிந்த கண்ணுக்குத் தாழ்ப்பாள் தெரியவில்லை.

எட்டு நிமிடமாக்கித் தருகிறானாம். கட்டிப்போட்ட கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுகிறாய். நன்றி.

நேற்று பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் பென் டிரைவைச் சொருகிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்தா இருக்குக்கா. ஆனா நடுநடுவுல தமிழ்ல ஏதோ இருக்கு பாருங்க" என்று திரையைத் திருப்பினாள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வரி. பக்கத்தில் உன் குறிப்பு. நீ சின்ன வயதில் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதுவாயே, அதே மாதிரி.

"41. எண்ண வேண்டாம். அண்ணி."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்கடுத்த வரியும் படித்தேன்.

"42. தூண் மறைக்கிறது. ஆள் இருந்தாலும் காலி என்று எண்ணுகிறது. அப்புறம் பார்க்கணும்." தேதி ஜூலை 11.

42 யார் என்று உனக்குத் தெரியாது. அங்கே குஷன் எதுவும் இல்லையே. நாங்கள் அவளை வாயாடி என்போம். ஆள் குள்ளம். குனிந்து தைத்தால் அவள் தலை மெஷின்மேல் இருக்கிற நூல் கோனுக்குக் கீழே போய்விடும். ஊசிக்கும் வாய்க்கும் ஒரே வேகம். என் முழங்கை அவள் முழங்கையில் இடிக்கிற தூரம். மதியம் அவள் டப்பாவில் என் கையும் என் டப்பாவில் அவள் கையும் இருக்கும். அவள் எண் வாரத்துக்கு நான்கு நாள் பலகையில் வந்தது. முதலில் சிரித்தாள். "நான் எங்கடி போனேன்? என் ஆவி எழுந்து போச்சோ என்னவோ" என்றாள். அப்புறம் சிரிப்பதை விட்டாள். அப்புறம் தண்ணீரை விட்டாள். பேச்சையும் விட்டாள். பேசினால்தான் கோடு விழுகிறது என்று நினைத்திருப்பாள்.

டிசம்பர் 9-ஆம் தேதித் தாளில் அவளுக்கு மூன்று கோடு. மேனேஜர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். என் எண்தான் பலகையிலேயே வராதே, நான் நம்பகமான ஆள். மேனேஜர் என்னிடம் கேட்டார், "பக்கத்துலதானே உக்காந்திருக்க. இவ அடிக்கடி எழுந்து போறாளா இல்லையா?"

நான், "போவா சார்" என்றேன்.

அவள் போகவில்லை. எனக்குத் தெரியும். முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாதா? ஆனால் தாள் வேறு மாதிரி சொன்னது. என் கண்ணைவிடத் தாளை நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என் எண் வராத தாள் அது. அது பொய் என்றால் என் ஒழுக்கமும் பொய்யாகிவிடும். அவள் என்னைப் பார்த்து, "நீயாடி" என்று மட்டும் கேட்டாள். வாயாடி அவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதில்லை. கத்தரிக்கோலையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறு எங்கும் தையல் வேலை கிடைக்கவில்லை. முந்திய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கிறார்களாம், "சீட்டில் உட்காராதவள்" என்று சொல்லிவிடுகிறார்களாம்.

ஜூலையில் உனக்குத் தெரியும். டிசம்பர் வரைக்கும் உன் "அப்புறம்" வரவில்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பாதி என்மேல் வந்து விழுகிறது. பென் டிரைவ் டப்பாவில்தான் இருக்கிறது.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

முதலில், போன கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. பட்டியல் ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். தெரியும். தாளாக அடித்து வருகிற மாதிரி செய்து கொடுத்ததே நான்தான். சிவப்புக் கோடும் என் யோசனை. மேனேஜர் வெறும் எண்தான் கேட்டார். "கோடு போட்டா சட்டுனு கண்ணுல படும் சார்" என்று சொன்னவன் நான். அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது.

42-ஐச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் போதும். ஏணியை எடுத்துக்கொண்டு வந்து கேமராவைத் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், கட்டத்தை மாற்றிப் போட வேண்டும். ஜூலையில் என்னை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். போகிற அவசரம். உங்கள் மேனேஜரிடம் சொன்னால், தப்பான வேலையா செய்து கொடுத்தாய் என்பார். அதனால் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு கட்டம்.

நேற்று முதலாளியிடம் பேக்கப் இல்லை என்றேன். அவர் சாதாரணமாக, "இல்லேன்னா என்ன, மறுபடி எழுது. உன் தலையில இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. பத்து நாள் உட்கார்ந்தால் பென் டிரைவ் இல்லாமலே மறுபடி எழுதிவிடுவேன். அது உங்கள் பட்டன் டப்பாவில் இருப்பதால் மட்டும் எதுவும் நின்றுவிடாது. முதலாளி கேட்டபோது, "எழுத மாட்டேன் சார்" என்றேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "என்னடா, புத்தனாயிட்டியா?" என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. போன வருடமே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை.

பென் டிரைவை எனக்கு அனுப்பாதீர்கள். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெட்டியில் இருந்தது எல்லாம் அப்டேட்டில் போய்விட்டது. அந்தக் கம்பெனியில் இப்போது எந்த ஆதாரமும் இல்லை. 42 தப்பாக எண்ணுகிறது என்று எழுதி, தேதியோடு இருப்பது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான்.

ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் சொல்லி அதை அப்படியே இன்னும் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுங்கள். எதையும் திறந்து சேமிக்க வேண்டாம், தேதி மாறிவிடும். முழுதாக அப்படியே இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று 42-இல் இருந்த அந்த அம்மாவிடம், ஒன்று தொழிலாளர் அலுவலகத்தில். 42-ஆம் வரி இருக்கிற பக்கத்தைத் தாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் பேக்கப் பாடம் எடுத்தவன், இப்போதுதான் முதல் தடவையாக ஒழுங்காகச் சொல்கிறேன்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். இதைச் செய்தது நான், தப்பு என்று தெரிந்தும் விட்டது நான், என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் எழுதியதில் "மேனேஜர் சொன்னபடி" என்று இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன். மேனேஜர் சொன்னதைத் தனியாக ஒரு வரியில் எழுதியிருக்கிறேன், நான் செய்ததைத் தனியாக.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்கக் கூசுகிறது.

உங்கள் கொழுந்தன்


மார்ச் 27

தம்பிக்கு,

நீ சொன்ன மாதிரியே இரண்டு காப்பி எடுத்தாயிற்று. ஜெராக்ஸ் கடைப் பெண் முதலில் திறந்து பார்க்கப் போனாள், கையைத் தட்டிவிட்டேன்.

வாயாடி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். நீ என் கொழுந்தன் என்பதை முதலில் சொன்னேன். அப்புறம் தாளை நீட்டினேன். அவள் 42-ஆம் வரியைப் படித்தாள். பிறகு விரலை மேலே நகர்த்தி 41-ஐப் படித்தாள். "அப்போ உன்னை நாங்க சொந்தக்காரின்னு சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

நான், "போவா சார்" என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "தூணாம்ல" என்றாள். "மூணு மாசமா என் பிள்ளைங்க கேக்குதுங்க, நீ எங்கேம்மா எழுந்து எழுந்து போனேன்னு. அதுங்ககிட்டயே எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல." நாளைக் காலையில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன் என்றேன். தாளைத் திருப்பித் தரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தொழிலாளர் அலுவலக வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருந்த அதிகாரி பென் டிரைவை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சாட்சியா எடுக்க முடியுமான்னு பாக்கணும்" என்றார். வாயாடிக்கு வாய் திரும்பிவிட்டது. "அதே பெட்டி சொன்னதை வச்சுத்தானே சார் என்னை அனுப்புனாங்க. அப்போ சாட்சியா எடுத்துக்கிட்டாங்கல்ல?" என்றாள். அவர் மனுவை வாங்கி முத்திரை குத்தினார். ஏப்ரல் 16-ஆம் தேதி விசாரணை. கம்பெனியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. பெரிதாக நம்பவும் இல்லை.

உன் கையெழுத்துத் தாளின் நகலைச் சாப்பாட்டு நேரத்தில் லைனில் வாசித்தேன். சிவப்புக் கோடு உன் யோசனை என்கிற இடத்தில் ஒருத்தி எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் கடைசி வரை கேட்டார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான். நானும் ஒரு தம்ளர் நிறையக் குடித்தேன்.

போன வாரம் வேறு கடையிலிருந்து ஒருவன் ஏணியோடு வந்தான். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னே தெரியலையே" என்று மேனேஜரிடம் சொன்னான். அவன் லைனுக்குள் வந்து, "யார் யார் எந்த சீட்டு?" என்று கேட்டான். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் தாள் ஒட்டவில்லை. ஒட்டுவார்கள், உன்னை மாதிரி இன்னொருவன் கிடைப்பான். அதுவரைக்கும் நான் 42-இல் உட்கார்ந்து தைக்கிறேன். சூப்பர்வைசர் ஏன் என்று கேட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். இருட்டுதான்.

விசாரணைக்கு நீ வர வேண்டும். வா. கேட்கக் கூசுகிறது என்று எழுதியிருக்கிறாய், கூசட்டும். எனக்கும் தினம் கூசுகிறது, அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்கிறேனா? அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு வராதே. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. முதலில் அங்கே போ. நான் கூட வரமாட்டேன். தட்டினால் அவள்தான் திறப்பாள். ஆள் குள்ளம் என்று சொன்னேன் இல்லையா, கதவு திறந்ததும் உனக்கு யாரும் இல்லாத மாதிரி இருக்கும்.

குனிந்து பார். இருப்பாள்.

அண்ணி